தாடை என்னும் சுவடி

கொங்கு நாட்டின் பழைய வரலாற்றைப் பேசப் புகுவோர் தவறாமல் சென்று நிற்கும் இடம் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல். பதிற்றுப்பத்து குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் துணிபு. 1985 முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்தன. கல்மணி அறுத்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் ஈமக்காடும் வெளிப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் எதைச் செய்தனர், எதை விற்றனர், தம் பெயரை எப்படி எழுதினர் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் எதை மென்றனர், எந்த வயதில் பல்லிழந்தனர், அவர்களுடைய எலும்பு உறுதியாக இருந்ததா என்பவற்றைப் பேசும் பக்கங்கள் நம் வரலாற்று நூல்களில் மிகச் சில. கல்லையும் செம்பையும் ஓட்டையும் படிக்கப் பழகிய நாம் எலும்பைப் படிக்கப் பழகவில்லை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஒரே ஓர் எலும்பை, தாடையை. அதைப் படிக்க உதவும் கருவி, பல் மருத்துவர் எடுக்கும் எக்ஸ்ரே படம்.

முகத்தின் எலும்புகளுள் உறுதி மிக்கது கீழ்த்தாடை. எனினும் மண்டையோட்டுடன் அது ஒட்டிப் பிறந்ததன்று. இரு மூட்டுகளில் தசையும் நாரும் தாங்க ஊசலாடுவது. தசை அழிந்ததும் கழன்றுவிடும். இறந்தோரை வெளியில் இட்டு, எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கித் தாழியிலோ கல்லறையிலோ வைக்கும் வழக்கம் இருந்த நாட்டில், மண்டையோடு ஓரிடமும் தாடை வேறிடமும் ஆவது எளிது.

தாடைக்கு இன்னொரு இயல்பும் உண்டு. பற்களைத் தாங்கும் அதன் மேல்விளிம்பு பல்லுக்காகவே இருப்பது. பல் விழுந்தால் அவ்விளிம்பு கரையத் தொடங்கும். முதல் ஆண்டில் மிக விரைவாகவும் பின்னர் மெல்ல மெல்லவும். பொக்கை வாய்ப் பாட்டியின் முகவாய் மூக்கை நோக்கி மேலெழுவது இதனால்தான். தாங்கும் சுமைக்கேற்பவே எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். ஆகவே ஒரு தாடையைப் பார்ப்பவர், அதற்குரியவர் எவ்வளவு காலம் எப்படி மென்றார் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்.

தமிழகத்தில் பழைய மண்டையோடுகளைப் படிக்கும் முயற்சி புதிதன்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ திரட்டியவற்றுள் இருந்த மண்டையோடுகளை ஆராய்ந்து சோலி சக்கர்மன் எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1930-இல் வெளியிட்டது. அக்கால ஆய்வுகள் பெரும்பாலும் நீளம், அகலம், இனவகை என்ற கணக்குகளில் நின்றுவிட்டன. இவர் யாருடைய இனம் என்று கேட்டார்களே தவிர, இவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டவர் குறைவு.

2025-இல் வந்த ஒரு செய்தி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழமையுள்ள இரு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக முக ஆய்வகத்தாரும் முகங்களை மீட்டுருவாக்கினர். நாளேடுகள் அம்முகங்களைக் கொண்டாடின. அந்த மண்டையோடுகளுக்குக் கீழ்த்தாடை இல்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. இல்லாத தாடையை, பல்வரிசைச் சீரமைப்பு மருத்துவத்தின் அளவு நெறிகளைக் கொண்டே வரைந்தனர். 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயை ஒரே தொலைவில், ஒரே கோணத்தில் எடுக்கும் முறையை வகுத்தனர். அதன்பின் பல் மருத்துவர்கள் சேர்த்த படங்களிலிருந்து பிறந்தவை அந்நெறிகள். சீரற்ற பல்லைத் திருத்தக் குழந்தைகளுக்கு எடுத்த படங்கள், ஒரு சங்ககால மனிதனின் முகவாயை நிரப்ப உதவின!

இப்படங்களின் தொடக்கம் துயரம் கலந்தது. ரான்ட்கன் 1895 நவம்பரில் கதிரைக் கண்டறிந்தார். 1896 ஜனவரியிலேயே பிரவுன்ஷ்வைக் நகரப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் தம் வாய்க்குள் கண்ணாடித் தகட்டை வைத்து, இருபத்தைந்து நிமிடம் கதிரின் முன் அசையாதிருந்து தம் பற்களைப் படமெடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் இதனைப் பரப்பிய எட்மண்ட் கெல்ஸ், நோயாளியின் வாயில் தகட்டைத் தம் விரலாலேயே பிடித்து வந்தவர். கதிர் அவருடைய விரல்களையும் பின்னர் கையையும் தின்றது. 1928-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பின்லாந்தின் பாடேரோ 1940-களின் இறுதியில் தாடை முழுவதையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் வழியைக் கண்டார். நம்மூர்ப் பல் மருத்துவமனைகளில் 'ஓ.பி.ஜி. எடுத்து வாருங்கள்' என்று சீட்டு எழுதித் தருவது அதன் வழித்தோன்றலைத்தான். 1990-களின் இறுதியில் இத்தாலியில் உருவான கூம்புக்கதிர் சி.டி. தாடையை முப்பரிமாணத்தில் காட்டியது.

எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதும் எப்படிப்பட்டது என்று கேட்பதும் ஒன்றல்ல. பிரோனேமார்க் 1965-இல் சுவீடனில் டைட்டானிய வேர்களைத் தாடையில் பதிக்கத் தொடங்கியபின் இரண்டாம் கேள்வி பெரிதாயிற்று. வேரைப் பிடித்துக்கொள்ளும் தரம் எலும்புக்கு உண்டா? லெக்கோமும் சார்பும் 1985-இல் தாடையை நான்கு வகையாகப் பகுத்தனர். முதல் வகை ஏறத்தாழ முழுதும் இறுகிய எலும்பு; நான்காவது, மெல்லிய புறத்தோடும் உள்ளே கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னலும் மட்டுமே உடையது. 1994-இல் பின்லாந்தின் கிளெமெட்டியும் உடனாய்வாளர்களும் மேலும் ஒரு படி சென்றனர். ஓ.பி.ஜி. படத்தில் தாடையின் அடிவிளிம்பு வழவழப்பாக இருக்கிறதா, அரித்திருக்கிறதா, நுண்துளை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வோடு அதனை ஒப்பிட்டனர். முகவாய்த் துளைக்குக் கீழே அவ்விளிம்பு மூன்று மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தால், அப்பெண்ணை எலும்படர்த்திச் சோதனைக்கு அனுப்புவது நல்லது என்பது பின்வந்த ஆய்வுகளின் கருத்து. பல்வலிக்கு எடுத்த படம், இடுப்பெலும்பு முறிவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

இவ்விடத்தில் நாம் கொங்குக்குத் திரும்பலாம். இது ஆற்றுப் பாசனம் சிறுத்த, கிணற்றை நம்பிய நாடு. சோளமும் கம்பும் ராகியும் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்புவரை இங்கு அன்றாட உணவு. அரிசிச்சோறு விருந்துக்கும் நோன்புக்கும் உரியது. ஆழமான பாறைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுவது உண்டு. 1937-இல் ஷார்ட்டும் உடனாய்வாளர்களும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், பல்லில் கறையும் எலும்பில் இறுக்கமும் உண்டாக்கும் புளோரைடு நோயை முதன்முதலாகப் பதிவு செய்தனர். அந்நோயாளிகளின் எக்ஸ்ரேயில் எலும்பு மிகையாக வெளுத்து அடர்ந்து தெரிந்தது. 1973-இல் ஐதராபாத் ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் வேறொரு வடிவத்தை அறிவித்தனர்: முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்ட, கால் எலும்பு இறுகாமல் மெலியும் நோய். சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட சிற்றூர்களில், ஆந்திரத்திலும் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களிலும் அது காணப்பட்டது. கொங்கின் வடவெல்லையாகப் பலர் கொள்ளும் தகடூர்ப் பகுதிக்கு, தருமபுரி, கிருட்டிணகிரி மக்களின் புளோரைடு இடர் தீர, 2013-இல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் வந்தது.

கிணற்றுநீரைக் குடித்துச் சோளச்சோறு உண்டு வளர்ந்த தலைமுறையின் கடைசி மனிதர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்து நிற்கிறார்கள். கோவை, சூலூர், திருச்செங்கோடு, குமாரபாளையம், சேலம் ஆகிய ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பல் கட்டவும் வேர் பதிக்கவும் வரும் முதியோர்க்கு நாள்தோறும் படம் எடுக்கப்படுகிறது. மருத்துவர் பல்லைப் பார்க்கிறார். வேலை முடிந்ததும் படம் உறையோடு பரணுக்குப் போகிறது, அல்லது கணினியில் இடம் போதாமல் அழிகிறது. ஒரு நிலப்பகுதியின் நீரும் உணவும் உழைப்பும் எழுதிய சுவடி படிக்கப்படாமலே கழிகிறது.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. எலும்பின் கனிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும்வரை சாதாரண எக்ஸ்ரே அதனைத் தெளிவாகக் காட்டாது. கூம்புக்கதிர் படத்தின் சாம்பல் நிற அளவு கருவிக்குக் கருவி மாறும், மருத்துவமனை சி.டி.யின் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு அதை நிகராகக் கொள்ள இயலாது. பல் விழுந்ததால் கரைந்த எலும்பையும் முதுமையால் மெலிந்த எலும்பையும் பிரித்தறியப் பயிற்சி வேண்டும். ஆய்வுக்கென்றே ஒருவர்மீது கதிரைச் செலுத்துவதும் முறையன்று. கெல்ஸின் கை அதற்குச் சான்று. நாம் கேட்பது புதுப் படங்களை அன்று. சிகிச்சைக்காக எடுத்தவற்றை, உரியவரின் இசைவோடு, பெயரை நீக்கி, வயது, ஊர், குடித்த நீர், உண்ட தானியம் ஆகியவற்றை மட்டும் குறித்துச் சேமிக்க வேண்டும் என்பதே. நம் கல்லூரிகளுக்கு இது இயலாத செலவன்று.

ஓலைச்சுவடிகள் அடுப்புக்கும் ஆற்றுக்கும் போனதை எண்ணி இன்றளவும் வருந்துகிறோம். அன்று அவற்றை எறிந்தவர்களுக்கு, தாம் எறிவது இன்னதென்று தெரியாது. நமக்குத் தெரியும்.