விண்ணிலிருந்து வரும் கடிகாரங்கள்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சந்தாபுரா என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் ஒருவர் தம் உள்ளங்கையை வானை நோக்கி விரிப்பாராயின், ஏறக்குறைய விநாடிக்கு ஒன்றாக ஒரு நுண்துகள் அதனை ஊடுருவிச் செல்லும். மியூவான் என்பது அதன் பெயர். உலகெங்கும் ஓயாது பெய்யும் மழை இது. ஆயினும், இத்துகள் தரையை எட்டுவதே ஒரு விந்தை. அவ்விந்தையின் பொருளை முன்னதாகவே உணர்ந்த அறிஞர் ஒருவர் பெங்களூரில் பணியாற்றினார் என்பதைப் பலர் அறியார்.

விந்தை யாது? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் அணுக்களோடு மோதுவதால், சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள், ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் 2.2 கூறு மட்டுமே. அதற்குள் ஒளியும் 660 மீட்டர்தான் செல்லும். இக்கணக்குப்படி, நூறு கோடியில் ஒன்றுகூடத் தரையைக் காணலாகாது. காண்கின்றனவே, எவ்வாறு?

ஓடும் கடிகாரம் நிற்பவருக்கு மெதுவாக நடப்பதாகத் தோன்றும் என்று ஐன்ஸ்டீன் 1905-இல் கூறினார். வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கினாலன்றி அவ்வேறுபாடு புலப்படாது. அத்தகைய வேகத்தில் ஓடும் கடிகாரத்திற்கு எங்கே போவது?

1938-இல், முப்பது வயது நிரம்பாத ஹோமி பாபா, கேம்பிரிட்ஜிலிருந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். காஸ்மிக் கதிர்களில் காணப்படும் கனத்த துகள் தானாகவே சிதையக்கூடும். விரைந்து ஓடும்போது அதன் ஆயுள் நீளும் என்றார். துகளின் ஆயுளே கடிகாரம்! ஒளியின் வேகத்தில் 99.9 விழுக்காடு வேகத்தில் ஓடும் மியூவானின் ஆயுள், நமக்கு 22 மடங்காகத் தோன்றும். அதனோடு பயணம் செய்பவர் ஒருவர் இருப்பின், அவருக்கு ஆயுள் மாறாது. 15 கிலோமீட்டர் உயரமே 700 மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். எதிரிலுள்ள விண்மீன்களின் ஒளியும் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிராக மாறிவிடும்.

1941-இல் ராசி, ஹால் என்னும் இருவர் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில், 3,240 மீட்டர் உயரத்திலும் 1,616 மீட்டர் உயரத்திலும் துகள்களை எண்ணினர். மெதுவாக ஓடியவை விரைவில் சிதைந்தன. விரைந்து ஓடியவை நெடிது வாழ்ந்தன. கொள்கை மெய்யாயிற்று.

அப்போது பாபா எங்கே இருந்தார்? 1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவர், போர் மூண்டதால் திரும்ப இயலாமல், சி. வி. ராமன் பௌதிகத் துறைக்குத் தலைமை வகித்த பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து, காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார். 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் முதலில் உருப்பெற்றது. அவ்வாண்டிறுதியில் பம்பாய்க்கு மாறியது.

அந்நிலையத்தாரே 1950-களில் கோலார் தங்க வயலின் ஆழத்தில் மியூவான்களை எண்ணினர். தமிழ்த் தொழிலாளர் பலர் பொன்னுக்காக வெட்டிய சுரங்கம் அது. 2001-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. பொன் எடுப்பதும் நின்றது. மியூவான் மழையோ நிற்கவில்லை. காலம் யாவருக்கும் ஒரே அளவில் ஓடுவதில்லை என்னும் உண்மைக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கையை விரித்தால் போதும்.