மணலே முதல் சிலேட்டு

மலேசியாவின் பேராக் தோட்டங்களுக்குச் சிலேட்டு வருமுன்பே மணல் வந்துவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தாத்தா ‘அ’னா எழுதிப் பழகியது மணலில்தான். லயத்துக் கோடியில் ஓர் அத்தாப்புக் கொட்டகை, அதுதான் பள்ளிக்கூடம். தோட்டத்துக் கிராணிதான் வாத்தியார். பால் நிறுத்துக் கணக்கெழுதிவிட்டு அவர் வருவதற்குள் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பித் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் இதற்கு உதவாது. பெரிய பையன்கள் ஆற்றோரம் போய் அள்ளி வருவார்கள். “விரல் நுனி தேஞ்சு எரியும்டி, ஆனா எழுத்து மனசுல நின்னுரும்” என்பார் தாத்தா.

அந்தப் பள்ளிகள் யாருடைய தாராள மனத்தாலும் வரவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல நிர்வாகங்கள் சட்டத்துக்காக ஒரு கொட்டகை போட்டதோடு சரி. கிராணியோ கங்காணியோ நேரம் கிடைத்தபோது பாடம் சொன்னார்கள். பிள்ளைகள் கொஞ்சம் தலையெடுத்ததும் புல் பிடுங்கப் போய்விட்டார்கள். காசில்லாமல் கிடைத்த மணல் நிர்வாகத்துக்கும் வசதியாக இருந்தது.

அதற்காக மணலில் எழுதியதை ஏழ்மையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருமுன் பிள்ளைகள் விரலால் மணலில்தான் எழுதினார்கள். கப்பலேறி வந்தவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

அதே பழக்கம் இங்கிலாந்துக்கும் போனது. 1789இல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். குதிரையில் போகும் வழியில் ஓர் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் தரை மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் விடுதி ஆசிரியர்களிடம் இதைச் செய்யச் சொன்னார், அவர்கள் மசியவில்லை. உடனே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு என்று விட்டுவிட்டார். பையன் சாதித்துக் காட்டினான். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை வேலைதான் அது.

1797இல் பெல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் தம் ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் மணல் மேசை போட்டார். மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் அந்த முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. பெல் விட்டுச் சென்ற பணத்தில் 1833இல் எழுந்த மெட்ராஸ் காலேஜ், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் பள்ளியாக நடக்கிறது.

எங்கள் கிந்தாப் பள்ளத்தாக்கில் மணலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. லம்பம் என்னும் ஈயச் சுரங்கங்களில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். அந்தச் சேற்றைப் பம்பு மேலே தூக்கி, பாலோங் என்னும் நீண்ட சரிவான மரவாய்க்காலில் விடும். ஈயத்தாது தண்ணீரைப் போல ஏறக்குறைய 7 மடங்கு கனம்; மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். குறுக்குச் சட்டங்களில் தாது தங்கிவிடும், மணல் ஓடிப்போய் வெளியே குவியும். 1985இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடியபோது, ஈப்போவைச் சுற்றிக் குட்டைகளும் வெள்ளை மணல் மேடுகளும்தான் மிஞ்சின.

தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான், இப்போது புந்தோங்கில் ஒரு பாலர் பள்ளிக்கு உதவப் போகிறேன். அங்கே தட்டுகளில் இருப்பது ஆற்று மணல். சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, வெயிலில் காயவைத்த மணல். முதலில் ட, ப, ம. நேர்கோடு அதிகமுள்ள எழுத்துகள் காய்ந்த மணலில் நன்றாக விழும். ‘அ’னாவின் சுழி அதில் சரிந்து மூடிக்கொள்ளும். அப்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கரை கட்டி நிற்கும். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். ஈரம் மணலை ஒட்டவைக்கிறது என்பது அங்கே பாடமாகிவிடும். ஐபேடில் எழுதிப் பழகிய ஒரு பையன், விரலை அழுத்தினால் பள்ளம் ஆழமாகிறது என்று கண்டுபிடித்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். தப்பாக எழுதினாலும் உள்ளங்கையால் ஒரு தடவல்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லம்பத்து மணல் மேட்டிலிருந்து அள்ளாதீர்கள். ஈயம் பிரித்தபின் மிஞ்சும் ஆமாங் என்ற கருமணல் அங்கே கலந்திருக்கலாம்; ஆமாங்கில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அந்தக் கனிமத்தைப் பதப்படுத்த 1982இல் புக்கிட் மேராவில் தொடங்கிய ஆலை, அதன் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் நீண்ட நாள் போராடியபின், 1994இல் மூடப்பட்டது. எனவே கட்டுமானக் கடையில் ஒரு மூட்டை ஆற்று மணல் வாங்கி நன்றாக அலசுங்கள். பூனை வராதபடி மூடி வையுங்கள். பெட்டியில் விற்கும் வண்ண மணலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு வகுப்புக்கே போதுமான ஆற்று மணல் வாங்கிவிடலாம். விஜயதசமியன்று அரிசியில் ஒரு முறை எழுதவைத்து நிறுத்திவிடாமல், பிள்ளைகளை அன்றாடம் மணலில் எழுதவிடுங்கள்.