யப்பானிலிருந்து வராத செடி

தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் குடியிருந்த ஐரோப்பிய நகரமொன்றின் தோட்டக்கடையில் ஆற்றுவாழையை விலைக்கு வைத்திருந்தார்கள். பிளாஸ்ரிக் வாளிக்குள் மூன்று செடிகள். அதிலொன்றில் ஊதாப் பூ விரிந்திருந்தது. எங்களுடன் வந்த மட்டக்களப்பு அக்கா ஒருவர் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "ஊரில இதை அள்ளிக் கரையில போடக் கூலி குடுக்கிறம். இவங்கள் காசு வாங்கிக்கொண்டு தாறாங்கள்" என்றார்.

ஆற்றுவாழை என்றால் சிலருக்கு விளங்காமலிருக்கும். தமிழ்நாட்டில் ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை என்பார்கள். காம்பின் அடியில் காற்று நிரம்பிய குமிழ் இருக்கும். சின்ன வயதில் அதைக் காலால் மிதித்து வெடிக்க வைப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. பெரியவர்களுக்கு அது விளையாட்டல்ல. தோணியின் கோல் அதற்குள் இறங்காது, வலை விரிக்க இடமிராது. அடியில் வெளிச்சமும் காற்றும் குறைய மீன் செத்து மிதக்கும்.

சிங்கள மக்கள் இதை 'யப்பன் ஜபர' என்கிறார்கள். அந்தப் பெயருக்கு ஒரு கதையும் உண்டு. இரண்டாவது உலகப் போரின்போது யப்பானிய விமானிகள் சதுப்புநிலத்தைப் புல்வெளியென்று நம்பி இறங்கி அமிழ்ந்து போகட்டுமென்று, வெள்ளைக்காரன் இந்தச் செடியைப் பரப்பிவிட்டானாம். கதையைக் குறை சொல்ல முடியாது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும், 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அதே 9ஆம் திகதி எங்கள் மட்டக்களப்புக் கடலுக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பயத்தைக் கண்டவர்கள் எதையும் யப்பான்காரனோடு சேர்த்துத்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் ஆண்டுக் கணக்கு இடறுகிறது. இந்தச் செடி இலங்கைக்கு வந்தது 1905இல். குண்டுக்காக அல்ல, பூவின் அழகுக்காக. நாலே வருடத்தில் அது போன போக்கைக் கண்டு அரசாங்கம் பயந்து, 1909இல் ஆற்றுவாழைக்கென்றே ஒரு தனிச்சட்டம் கொண்டுவந்தது. யப்பானிய விமானம் வர அதன்பின் இன்னும் முப்பத்து மூன்று வருடம் இருந்தது. செடியின் பிறந்த ஊர் தென்னமெரிக்கா, அமேசன் ஆற்றுப்படுகை.

இந்த விடயத்தில் நாங்கள் தனியர்களல்லர். கிழக்கு வங்காளத்தில் இதற்கு ஒரு காலத்தில் 'ஜேர்மன் பானா' என்று பெயர் வழங்கியது. முதலாவது உலகப் போர்க் காலத்தில் அங்கே எதிரி ஜேர்மன்காரன். ஆகவே செடியும் அவனுடையதாயிற்று. சணலும் நெல்லும் தோணியில் ஏறிச் சந்தைக்குப் போகும் நாட்டில் ஆறு அடைபட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1921இல் விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 1936இல் சட்டம் இயற்றினார்கள். 1937 தேர்தலிலே செடியை ஒழிப்போம் என்ற வாக்குறுதி கட்சிகளின் விஞ்ஞாபனங்களில் ஏறியது. ஒரு நீர்க்களை தேர்தல் விடயமாக உயர்ந்த நாடு வேறு உண்டோ தெரியாது! ஃபஸ்லுல் ஹக் ஆட்சிக்கு வந்தபின் ஊர் ஊராகச் சனத்தைத் திரட்டி அள்ளுவித்தார். ஜேர்மன்காரனைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தைவிட, தண்ணீருக்குள் இறங்கிய காலத்தில்தான் வாய்க்கால்கள் திறந்தன.

எங்கள் வயல்களைக் கெடுத்த இன்னொரு செடி சல்வீனியா. இது பூக்காத பன்னத்தின் இனம். இலங்கைக்கு இது வந்த வழியில் எதிரி யாருமில்லை. 1939இல் கொழும்பில் தாவரவியல் மாணவர்கள் படிப்பதற்காகத் தருவிக்கப்பட்டது. ஆய்வுகூடத்தைத் தாண்டி வாய்க்காலுக்கு எப்படி வந்ததோ, ஐம்பதுகளின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 22,000 ஏக்கர் நெல்வயலையும், 2,000 ஏக்கர் நீர்நிலையையும் பிடித்துவிட்டது. படித்தவர்கள் கொண்டுவந்து விட்டது என்பதாலோ என்னவோ, இதற்கு எந்த எதிரி நாட்டின் பெயரும் ஒட்டவில்லை. கேரளத்தில் மட்டும் இதை 'ஆபிரிக்கன் பாயல்' என்றார்கள். ஆபிரிக்காவுக்கே அது விருந்தாளி. சாம்பசி ஆற்றை மறித்துக் கட்டிய கரிபா நீர்த்தேக்கத்தில் 1959இல் தலைகாட்டி, 1962இல் ஆயிரம் சதுரக் கிலோமீற்றர் பரப்பை மூடியது. பப்புவா நியூகினியின் செபிக் ஆற்றிலே வள்ளம் ஓட்ட வழியில்லாமற் சனங்கள் கிராமங்களைக் கைவிட்டுப் போயிருக்கிறார்கள். துப்பாக்கியில்லாமலும் இடம்பெயர்வு நடக்கும்.

சாதாரண சனம் பெயரைத் தவறவிட்டது போல விஞ்ஞானிகளும் தவறவிட்டார்கள். எங்களுக்கு இந்தக் கதையில் மிகச் சுவையான பகுதி இதுதான். உலகமெங்கும் இந்தச் செடியை 'சல்வீனியா ஓரிக்குலாட்டா' என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்த இனம் இருக்கும் திரினிடாட் போன்ற இடங்களுக்குப் போய், அதைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துவந்து ஆபிரிக்காவில் விட்டார்கள். பூச்சிகள் பேருக்குக் கடித்தன; செடியின் பரப்பு குறையவில்லை. 1972இல் மிச்சல் என்ற தாவரவியலாளர், இது அந்த இனமே அல்ல, வேறொன்று என்று காட்டி 'சல்வீனியா மொலெஸ்ரா' எனப் பெயரிட்டார். தொல்லை தருவது என்று பொருள். இதற்கு முளைக்கும் வித்தில்லை. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் ஒரு செடியாகும். வசதியான தண்ணீரில் சில நாட்களுக்குள் இரட்டிக்கும்.

பெயர் சரியான பிறகுதான் சொந்த ஊரைத் தேட முடிந்தது. 1978இல் பிரேசிலின் தென்கிழக்கே அது இயற்கையாக வளரும் இடத்தை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அங்கே அது யாரையும் வருத்தாமல் ஒதுங்கிக் கிடந்தது. காரணம், எள்ளளவான ஒரு கூன்வண்டு. வளர்ந்த வண்டு மொட்டைத் தின்னும், புழு தண்டைக் குடையும். 1980இல் அந்த வண்டை அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 200 ஹெக்ரயர் பரப்பிலிருந்த செடி கறுத்து அமிழ்ந்து போயிற்று. அந்த வண்டும்கூடத் திரினிடாட் வண்டல்ல, புதிய இனம் என்பது 1985இல்தான் தெளிவாயிற்று. அதே ஆண்டில் இந்த வேலைக்காக யுனெஸ்கோவின் அறிவியற் பரிசும் கிடைத்தது.

இலங்கைக்கு வண்டு வந்தது 1986இல். எங்களிற் பலர் விமானமேறி வெளியேறிக்கொண்டிருந்த அதே வருடங்களில் அது உள்ளே வந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. 1989இல் ஒரு பொருளியலாளர் போட்ட கணக்கின்படி, அந்த முயற்சியிற் செலவான ஒவ்வொரு ரூபாவுக்கும் ஐம்பத்து மூன்று ரூபா பயன். அந்நாட்களில் எங்கள் பத்திரிகைகள் எதிலும் இச்செய்தியைப் படித்த நினைவு எங்களுக்கில்லை. வேறு செய்திகள் முதற்பக்கத்தை நிறைத்திருந்தன.

புலம்பெயர்ந்தோர் கூட்டங்களில் இச்செடியை அகதியோடு ஒப்பிட்டுக் கவிதை வாசித்தவர்களைக் கேட்டிருக்கிறோம். "அந்நியர்", "படையெடுப்பு" என்று இந்த நாட்டுப் பத்திரிகைகள் செடிக்கும் எங்களுக்கும் ஒரே சொல்லைப் பாவிக்கும்போது, அந்தக் கோபம் எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் ஒப்பீட்டோடு எங்களுக்கு உடன்பாடில்லை. வேரோடு நீரில் மிதந்து வருவதால் செடி அகதியாகிவிடாது. அதை விரும்பிக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். எங்களை அப்படி யாரும் விரும்பி அழைக்கவில்லை. மீன்பிடிகாரனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கவிதைக்குரிய பொருளுமல்ல. சொல்லைத் திருத்தவேண்டியது ஒரு வேலை, குளத்தைத் துப்புரவாக்குவது இன்னொரு வேலை.

ஆற்றுவாழையின் கதை சல்வீனியாவைப் போல முடியவில்லை. 1988இல் அதற்கும் ஒரு வண்டு விட்டார்கள்; அது அத்தனை வேகமாக வேலை செய்யவில்லை. வயலின் உரமும் பட்டினத்தின் கழிவும் வந்து சேரும் தண்ணீரில் செடி தின்னத் தின்னத் துளிர்க்கும். சேற்றில் விழுந்த வித்து இருபது வருடம் வரை முளைக்கக் காத்திருக்கும். மட்டக்களப்பு வாவியில் ஒரு நன்மை, உப்பு. முகத்துவாரத்தை வெட்டிவிட்டு, வெள்ளம் வடிந்து, கடல்நீர் உள்ளே ஏறும் காலத்தில் செடி கருகிவிடும். நன்னீர்ப் பக்கத்திற்கு அந்த உதவி கிடையாது. கல்முனைக்கு மேற்கே கிட்டங்கித் தாம்போதியில் மாரிவெள்ளம் ஆற்றுவாழையைக் கொண்டுவந்து அடைத்துவிடும்.

அந்தத் தோட்டக்கடையிலும் இப்போது அது கிடையாது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆற்றுவாழையைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. விற்கவும் வளர்க்கவும் முடியாது. இலங்கை 1909இல் கண்டதை இவர்கள் நூற்றேழு வருடம் கழித்துக் கண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஊருக்குப் போனபோது, குளக்கட்டில் பெக்கோ இயந்திரம் ஆற்றுவாழையை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தம்பியொருவர், "இது யப்பான்காரன் போட்டதுதானே, அண்ணன்?" என்று கேட்டார். 1905, 1909, அமேசன், வண்டு என்று தெரிந்ததையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், குவியலிலிருந்து ஓர் இலையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். சின்னச் சின்ன வடுக்கள் இருந்தன. "அப்ப இதைத்தான் வண்டு கடிச்சிருக்கோ?" என்றார். ஓமென்றோம். "அப்படியெண்டா நாங்க வண்டையும் சேர்த்தெல்லோ அள்ளிக் கொட்டுறம்" என்றார். இயந்திரம் அடுத்த வாளியைக் கரையில் கொட்டியது.