கலாயும் கடாரமும் ஈயச் சொம்பும்



நீடாமங்கலம், பொதக்குடி, கூத்தாநல்லூர் வட்டாரத்து இல்லங்களில் பித்தளைப் பாத்திரங்களுக்குக் கலாய் பூசும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. புளி பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும். ஆகவே பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உட்புறம் உருக்கித் தேய்ப்பார்கள். 'கலாய்' என்னும் அந்தச் சொல் கடல் கடந்து வந்தது. அரபியர் வெள்ளீயத்தைக் 'கலஈ' என்றனர். மலாய்க் கரையில் இருந்த 'கலா' என்னும் துறைமுகத்தின் பெயரால் அது அமைந்தது என்பர். அங்கே ஈயச் சுரங்கம் உண்டு என்று 9ஆம் நூற்றாண்டிலேயே இப்னு குர்தாத்பிஹ் எழுதியிருக்கிறார். அத்துறைமுகம் இன்றைய கெடா, அதாவது நம் கடாரமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1025இல் இராசேந்திர சோழன் கடாரம் வென்ற செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. பிற்காலத்தில் நம் நன்னாமார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதும் அதே கரையில்தான்.

தமிழில் வெள்ளீயம், காரீயம் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர். அரபியிலும் 'ரஸாஸ்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறித்தது. வெள்ளீயத்தைப் பிரித்துக் காட்டவே 'ரஸாஸ் கலஈ' என்றார்கள். பழைய உரோமரும் வெண்மை, கருமை என்று அடைமொழி சேர்த்தே இரண்டையும் வேறுபடுத்தினர். மூன்று மொழியாரும் ஒரே குடும்பமாகக் கண்டவற்றை 1869இல் மெண்டலீவ் தொடங்கிவைத்த தனிம அட்டவணையும் ஒரே நிரலில் நிறுத்தியது. நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பி-தொகுதித் தனிமங்களில் 14ஆம் தொகுதி அது: கார்பன், சிலிக்கன், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். மேலே இருக்கும் கார்பன் அலோகம். நடுவில் உள்ள இரண்டும் இரண்டுங்கெட்டான்கள். கீழே இருப்பவை உலோகங்கள். கீழே செல்லச் செல்ல அணு பெரிதாகிறது, உலோகத்தன்மை கூடுகிறது. இணைதிறனும் மாறுகிறது. கார்பன் தன் வெளிக்கூட்டின் நான்கு எலக்ட்ரான்களையும் பிணைப்பில் ஈடுபடுத்தும். காரீயமோ பெரும்பாலும் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். இதற்கு மந்த இணை விளைவு என்று பெயர்.

தேர்வுத்தாளோடு முடிந்துபோகும் செய்தி அன்று இது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த காரீயம், உடலுக்குள் கால்சியத்தைப் போல வேடமிடுகிறது. எலும்பில் தங்குகிறது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கிறது. இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலோக நிலையில் உள்ள வெள்ளீயத்தால் அத்தகைய கேடில்லை. அதனால்தான் கும்பகோணம் பக்கத்து ஈயச் சொம்பில் தலைமுறை தலைமுறையாக ரசம் வைத்தார்கள். (வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும், 232 பாகை வெப்பம் போதும்.) ஆனால் விலை மலிவான காரீயத்தைக் கலந்து வார்த்த சொம்பில் புளியும் தக்காளியும் கொதித்தால், அந்த நஞ்சு ரசத்தில் இறங்கும். புதிதாய்த் தேய்த்த பளபளப்பில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தை வெளிப்படுத்திய நபி (ஸல்) அவர்களின் செயலை ஸஹீஹ் முஸ்லிமில் படித்திருக்கிறோம். மேலே தெரிவதை மட்டும் அவர்கள் நம்பிவிடவில்லை. அந்த ஆய்வு மனப்பான்மையை உலோகத்தில் காட்டியவர் அல்பிரூனி. இராசேந்திரன் காலத்தவரான அவர், வழிந்தோடும் நீரை அளக்க ஒரு கூம்புக் கலம் செய்து, உலோகங்களின் அடர்த்தியைக் கணக்கிட்டார். அவரைப் பின்பற்றிய அல்காஸினீ 1121இல் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா'வில், உலோகக் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் தராசையே விவரித்தார்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். சொம்பை எடை போடுங்கள். விளிம்புவரை நீர் நிரம்பிய பாத்திரத்தில் அதை முழுவதும் மூழ்கவிட்டு, வழிந்த நீரை அளந்துகொள்ளுங்கள். 730 கிராம் எடையுள்ள தூய வெள்ளீயச் சொம்பு ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் நீரை வெளியேற்றும். அதே எடைக் காரீயம் 64 மில்லிலிட்டர் அளவே வெளியேற்றும். நீர் தெளிவாகக் குறைந்தால் அந்தச் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டாம். பத்தில் ஒரு பங்கு கலப்படம் என்றால் இந்த முறைக்கு அகப்படாது; அதற்கு ஆய்வுக்கூடம்தான் வழி. மகளுக்குச் சீர்வரிசையில் வைக்கும் சொம்பாக இருந்தால், ஆய்வுச் சான்று தரும் வியாபாரியிடமே வாங்குங்கள்.