இறைவன் திருப்பெயரால் தொடங்கிய கடிதம்



ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதி (ரஹ்) அவர்களை அரபு மதரஸா மாணவர்கள் நன்கறிவார்கள். அரபு யாப்பிலக்கணமாகிய அரூள் கலையை வகுத்தவர். 'கிதாபுல் ஐன்' என்னும் அகராதியைத் தந்தவர். இலக்கணப் பேரறிஞர் ஸீபவைஹியின் ஆசிரியர். அவரைப் பற்றி அரபு இலக்கண அறிஞர்களின் வரலாற்று நூல்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. பைசாந்திய மன்னரிடமிருந்து கிரேக்க மொழியில் சங்கேதமாக எழுதப்பட்ட ஒரு கடிதம் அவரிடம் வந்தது. ஒரு மாத காலம் முயன்று அவர் அதைப் படித்துவிட்டார். எப்படி முடிந்தது என்று கேட்டவர்களுக்கு, அக்கடிதம் இறைவனின் பெயரால்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று முதலில் ஊகித்துக்கொண்டதாகவும், அந்தத் தொடக்கத்தைச் சாவியாக வைத்து மற்ற எழுத்துகளைக் கண்டுகொண்டதாகவும் விளக்கினார்.

எழுதியவரின் சங்கேதம் கடினமானதுதான். அவரது பழக்கமே அவரைக் காட்டிக்கொடுத்தது. கணினிக்கும் கைப்பேசிக்கும் இன்று நேரும் ஆபத்துகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிதமே நினைவுக்கு வருகிறது. அதற்கு என் சொந்த வாழ்வில் ஒரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அடுத்த நூற்றாண்டில், பக்தாத் நகரில், 'அரபுகளின் தத்துவஞானி' என்று போற்றப்படும் அல்கிந்தி இந்தக் கலையை முறையான அறிவியலாக்கினார். சங்கேத எழுத்துகளைப் படிப்பது பற்றி அவர் எழுதிய சிறு நூலின் கையெழுத்துப் படி இஸ்தான்புல் நகரின் சுலைமானிய்யா நூலகத்தில் இருந்தது. 1980-களில்தான் அறிஞர்கள் அதை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தனர். அவர் கூறிய முறை எளியது. ஒரு மொழியில் எழுதப்பட்ட நீண்ட பகுதி ஒன்றை எடுத்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். பிறகு சங்கேதக் கடிதத்தில் உள்ள குறிகளையும் அவ்வாறே எண்ண வேண்டும். அரபியில் மிகுதியாக வருவது அலிஃப்; அடுத்தது லாம். ஆகவே கடிதத்தில் மிகுதியாக வரும் குறி அலிஃபாகவும், அடுத்தது லாமாகவும் இருக்கக்கூடும். எழுத்துகளுக்கு எந்த வேடம் போட்டாலும், அவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கத்தை மறைக்க முடியாது என்பதை அல்கிந்தி கண்டார்.

இரண்டாம் உலகப் போரிலும் இதுவே நடந்தது. ஜெர்மானியப் படையினரின் 'எனிக்மா' சங்கேத இயந்திரம் உடைக்க முடியாதது என்று கருதப்பட்டது. ஆனால் அதைக் கையாண்டவர்கள் வானிலைச் செய்திகளை நாள்தோறும் ஒரே வகைச் சொற்களில் அனுப்பி வந்தனர். இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் இருந்த அறிஞர்களுக்கு, கலீல் அவர்களுக்கு உதவியதைப் போலவே, எதிர்பார்க்கத்தக்க அந்தச் சொற்கள் பேருதவியாயின.

போருக்குப் பின் கணினிகளின் காலம் வந்தது. பூட்டின் இடத்தில் கடவுச்சொல் அமர்ந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் 1979-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாங்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களைச் சோதித்தபோது, அவற்றில் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவையாக இருந்தன. சில மிகச் சிறியவை. சில அகராதியில் உள்ள சொற்கள். சில மனிதர்களின் பெயர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1988 நவம்பர் 2 அன்று, அதே மோரிஸின் மகனும் கார்னெல் பல்கலைக்கழக மாணவருமான ராபர்ட் டாப்பன் மோரிஸ் எழுதிய ஒரு நிரல் இணையத்தில் பரவியது. தானாகவே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்து சென்றதால் அதற்குப் 'புழு' என்று பெயர். மென்பொருள்களில் இருந்த சில ஓட்டைகளோடு, கடவுச்சொல்லை ஊகிப்பதும் அதன் ஆயுதமாக இருந்தது. பயனரின் பெயரைப் போட்டுப் பார்த்தது. பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. தன்னிடம் இருந்த 400-க்கும் மேற்பட்ட சொற்களின் பட்டியலையும் முயன்று பார்த்தது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. 1990-இல் நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. தந்தை எச்சரித்த பலவீனத்தின் வழியாகவே மகனின் நிரல் நுழைந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் மக்களின் பழக்கம் மாறவில்லை.

நம் வீட்டுக் கடவுச்சொற்களையும் சற்று நினைத்துப் பார்ப்போம். மூத்த பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, அல்லது 786. நம்மைக் கொஞ்சம் அறிந்த எவரும் மூன்றாம் முயற்சியில் கதவைத் திறந்துவிடலாம்.

2000-ஆம் ஆண்டு மே 4 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. 'உன்னை நேசிக்கிறேன்' என்பது அதன் தலைப்பு. கூடவே காதல் கடிதம் போலத் தோன்றும் ஒரு கோப்பு. திறந்தவரின் கணினியில் இருந்த கோப்புகளை அது அழித்தது; அவரது முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் அவர் பெயரிலேயே தன்னை அனுப்பிக்கொண்டது. உலகெங்கும் பல இலட்சம் கணினிகளை அது பாழாக்கியதற்குக் காரணம், கடிதம் தெரிந்தவரிடமிருந்து வந்ததுதான். அறியாதவர் அனுப்பியிருந்தால் பலர் திறந்திருக்க மாட்டார்கள்.

2017 மே 12 அன்று பரவிய 'வான்னாக்ரை' நமது வேறொரு பழக்கத்தைப் பயன்படுத்தியது. அது கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கப்பம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் குறித்திருந்த சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் இருந்தும் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டவர்களின் கணினிகள் அன்று வாசல் திறந்து கிடந்தன. நமது கைப்பேசி 'அப்டேட்' கேட்கும்போது நாமும் அதையே சொல்கிறோம்.

இனி என் சொந்தக் காரணத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலானில், எனக்கு அறிமுகமான ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்தது. மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை, இந்த இணைப்பில் பதிவு செய்யுங்கள் என்று இருந்தது. அது பிஸ்மில்லாஹ் என்று தொடங்கியது, ஸலாம் சொன்னது, துஆவுடன் முடிந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று, அதை எங்கள் மதரஸாப் பெற்றோர் குழுவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். என் நண்பரின் வாட்ஸ்அப் வேறொருவன் கைக்குப் போயிருந்ததை நான் அறியவில்லை.

ஒரு தாய் அந்த இணைப்பைத் தொட்டார். பெயரும் வங்கி விவரமும் கேட்கப்பட்டன. பிறகு கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டார்கள், கொடுத்தார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்திருந்த 18,000 ரூபாய் போய்விட்டது. வெளிநாட்டில் இருந்த கணவருக்குச் சொல்ல அஞ்சி மூன்று நாள் வாய் திறக்கவில்லை. புகார் செய்தபோது பணம் பல கணக்குகளைக் கடந்திருந்தது. "ஹஜ்ரத் அனுப்பினதுதானேன்னு நம்பித்தான் தொட்டேன்" என்று அவர் சொன்னபோது என்னால் தலைநிமிர முடியவில்லை.

கலீல் அவர்கள் அறிவைத் தேடி ஊகித்ததையே இந்த மோசடிக்காரன் தீமைக்காக ஊகித்திருந்தான். இறைவன் பெயரால் தொடங்கும் கடிதத்தை நாம் ஐயுற மாட்டோம் என்பதும், ஹஜ்ரத் அனுப்பினால் எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் அவனுக்குச் சாவியாயின. ஆனால் நமது மார்க்கம் நமக்குக் கற்பித்தது வேறு. பாவி ஒருவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் செயல்பட்டால் அறியாமையால் பிறருக்குத் தீங்கு செய்து, பின்னர் வருந்த நேரிடும் என்று ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. அதைப் பலமுறை பாடம் நடத்திய நானே அதைக் கைப்பேசிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

அன்று முதல் எங்கள் குழுவில் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். பணமோ விவரமோ கேட்கும் செய்தியை, அனுப்பியவரிடம் பேசி உறுதி செய்யாமல் எவரும் பகிர்வதில்லை. ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்வதில்லை. வங்கி அதிகாரி என்று சொன்னாலும் சரியே. பிள்ளைகளின் பெயரும் 786-ம் கடவுச்சொல்லில் இடம்பெறுவதில்லை. ஒரு கணக்குக்கு வைத்ததை மற்றொன்றுக்கு வைப்பதுமில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை வீட்டுப் பிள்ளைகளே பெரியவர்களுக்கு அமைத்துத் தருகிறார்கள். எவரேனும் ஏமாந்துவிட்டால் அவரைக் கடிந்துகொள்ளாமல் முதலில் 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்கிறோம். இந்தியாவில் இணையவழிப் பண மோசடிக்கான அரசு உதவி எண் அது. உடனே தெரிவித்தால் பணம் கைமாறும் முன் நிறுத்த வாய்ப்புண்டு. வெட்கத்தால் மறைத்த மூன்று நாளில்தான் அந்தத் தாய் அந்த வாய்ப்பை இழந்தார்.

அவரிடமும் குழுவினர் அனைவரிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போது நான் எதையேனும் அனுப்பினால் முதலில் அழைப்பவர் அவர்தான். "இது நீங்க அனுப்பினதுதானா, ஹஜ்ரத்?" என்று கேட்பார். "ஆமாம்மா, கேட்டது நல்லது" என்பேன். நம் பிள்ளைகளும் நம்மிடம் தயங்காமல் இவ்வாறு கேட்கப் பழக, அல்லாஹ் அருள் புரிவானாக.

வஸ்ஸலாம்.