கசடின் கதை

பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றதும், வந்த பணத்தில் எனக்கென்று முதலில் வாங்கியது ஒரு வெல்டிங் மெஷின். தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டை வைத்த, ஐந்து கிலோ கூட வராத இன்வெர்ட்டர் மெஷின். ஆனால் அதோடு சேர்ந்து வரும் சாமான்கள் கொஞ்சமல்ல. ஹோல்டர் வயர், எர்த் வயர், முகமூடி, தோல் கையுறை, கசடு தட்டும் சுத்தியல், கம்பி பிரஷ், கிரைண்டர், ராடு பாக்கெட். திண்ணையிலிருந்து கொல்லைக்கு எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்க நாலு நடை ஆயிற்று. அதனால் முதல் வேலையாக இவற்றுக்கே ஒரு தள்ளுவண்டி செய்வதென்று முடிவு செய்தேன்.

பழைய இரும்புக் கடையில் ஒன்றரை அங்குல ஆங்கிள் வாங்கி வந்து முதல் மூலையைப் பற்றவைத்தேன். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி அந்த வழியாக வந்தவர், அதைத் தட்டிப் பார்த்தார். கசடு நீங்கிய இடமெல்லாம் ஊசிக் கண்ணாக ஓட்டை.

“துருவத் தேய்க்கல. ராடும் நமுத்துப் போயிருக்கு. இரும்பு உருகுறப்ப காத்து படக் கூடாது சார். கம்பி மேல இருக்கிற மருந்து அதுக்குத்தான். அது நமுத்துப் போச்சுன்னா அப்புறம் வெறும் கம்பிதான்” என்றார்.

அவர் போன பிறகும் ஓட்டை விழுந்த அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதே பேச்சைச் சிறுவயதில் வேறொருவர் வாயால் கேட்டிருக்கிறேன். என் அப்பா திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு நகைப்பட்டறையில் வேலை பார்த்தவர். பற்றவைக்க வேண்டிய இடத்தில் வெண்காரத்தைக் குழைத்துத் தடவி, பற்றாசுத் துணுக்கை வைத்து, ஊதுகுழலால் சுடரை வளைத்து ஊதுவார். வெண்காரம் பொங்கி, அடங்கி, கண்ணாடிபோல் உருகி அந்த இடத்தை மூடிக்கொள்ளும். அதன் அடியில் பற்றாசு பளிச்சென்று ஓடும். “வெண்காரம் மூடலன்னா பற்றாசு ஓடாதுடா, கருத்துப்போயிடும்” என்பார். வேலை முடிந்ததும் புளித் தண்ணீரில் கொதிக்கவைத்து அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். நகையில் அதன் சுவடே இருக்காது.

இரும்பை மின்சாரத்தால் இணைக்கக் கற்றவர்கள், எந்தப் பொற்கொல்லரும் அறிந்திருந்த இந்த உண்மைக்கு வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1881 இல் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கலாய் பெனார்டோஸ், கரிக்கோலுக்கும் இரும்புக்கும் நடுவே மின்வில்லை எழுப்பி உலோகத்தை உருக்கி இணைத்தார். கிரேக்கர்களின் கொல்லுத் தெய்வமான ஹெபஸ்டஸின் பெயரால் அந்த முறைக்கு ‘எலெக்ட்ரோகெஃபெஸ்ட்’ என்று பெயர் வைத்தார். 1888 இல் நிக்கலாய் ஸ்லாவியானோவ் கரிக்கோலை நீக்கிவிட்டு இரும்புக் கம்பியையே பிடித்தார். வில்லை எழுப்பும் கம்பியே உருகி இணைப்பையும் நிரப்பியது. இன்று நம் தெருப் பட்டறைகளில் நடப்பது அடிப்படையில் இதுதான்.

ஆனால் வெறும் கம்பியால் வைத்த இணைப்பை நம்ப முடியவில்லை. உருகிய இரும்பு காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறும்போது குமிழ்கள் உள்ளேயே சிறைப்பட்டு ஓட்டைகளாக நிற்கும். உலோகமும் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். நான் வைத்த முதல் மூலையும் அந்தக் காலத்து இணைப்புகளுக்கு உறவுதான்.

தீர்வு ஒரு துறைமுகத்திலிருந்து வந்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஆஸ்கார் ஷெல்பெர்க் என்ற பொறியாளர் கப்பல்களின் நீராவிக் கொதிகலன்களைப் பழுது பார்த்துவந்தார். ரிவெட் அடித்து மூட்டிய தகடுகளின் ஓரத்தில் நீராவி கசியும். அந்தக் கசிவை அடைக்கத்தான் அவருக்கு நல்ல வெல்டிங் தேவைப்பட்டது. இரும்புக் கம்பியைக் கார்பனேட்டும் சிலிக்கேட்டும் கலந்த கெட்டிக் குழம்பில் தோய்த்து உலர்த்தினார். எரியும்போது அந்தப் பூச்சின் ஒரு பகுதி வாயுவாகி வில்லைச் சூழ்ந்து காற்றை விலக்கியது. மற்றொரு பகுதி உருகி, இரும்பின்மேல் கசடாக மிதந்து, ஆறும்வரை அதைப் போர்த்தியிருந்தது. 1904 இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் ஈசாப். என் அப்பாவின் வெண்காரம் செய்த வேலையைத்தான் ஷெல்பெர்கின் பூச்சும் செய்தது.

இந்தப் பூச்சு இன்னொரு கதவையும் திறந்தது. நம் வீட்டு மாறுமின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வது. ஒவ்வொரு முறையும் வில் அணையப் பார்க்கும். பூச்சிலுள்ள சில உப்புகள் வில்லை உடனே மறுபடி எழச் செய்கின்றன. அதனால் சுழலும் ஜெனரேட்டர் தேவையில்லாமல், வெறும் டிரான்ஸ்ஃபார்மரை வைத்தே வெல்டிங் செய்ய முடிந்தது. கிரில் கேட் செய்யும் கீற்றுக்கொட்டகைப் பட்டறை நம் ஒவ்வொரு ஊரிலும் முளைக்க முடிந்தது அந்த எளிய எந்திரத்தால்தான். எண்ணெய் நிரப்பிய இரும்புத் தொட்டி, நாலு இரும்புச் சக்கரம், இழுக்க ஒரு கைப்பிடி. சிறுவயதில் எங்கள் தெருவில் அதை இரண்டு பேர் சேர்ந்து இழுத்துவரும் கடகட சத்தம் முதலில் கேட்கும், பிறகு வீட்டு விளக்குகள் மங்கி மங்கி எரியும். இப்போதைய இன்வெர்ட்டர், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பல நூறு மடங்கு உயர்த்திவிடுவதால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. எந்திரத்தோடு பிறந்த சக்கரங்களும் அத்தோடு போயின. இப்போது வண்டியைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

பட்டறைகளில் அதிகம் புழங்கும் ராடின் எண் 6013. முதல் இரண்டு இலக்கங்கள், பற்றவைத்த உலோகம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்பதைக் குறிக்கின்றன. அதன் பூச்சில் முக்கியமான சரக்கு ரூட்டைல் என்ற டைட்டானியம் தாது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இது கிடைக்கிறது. 1909 இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தபோதுதான் உலகம் அந்தக் கரையைத் திரும்பிப் பார்த்தது. மோனசைட்டோடு இல்மனைட்டும் ரூட்டைலும் அங்கே கலந்துகிடக்கின்றன. வகுப்பில் இந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அந்தத் தாது என் கையிலேயே எரிவதைப் பார்த்தது இப்போதுதான்.

நான் பாடம் நடத்தியது திருவெறும்பூரில். 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு இங்கே உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையை அமைத்தது பொதுத்துறை நிறுவனமான பெல். கப்பல் கொதிகலனுக்காகப் பிறந்த கலை, அனல் மின் நிலையக் கொதிகலனுக்காக எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. 1975 இல் அந்த வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. துவாக்குடி வரை சிறு பட்டறைகள் பெருகின. “எங்கப்பா ஹெச்.பி. வெல்டர் சார்” என்று பையன்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்கள். ஹெச்.பி. என்றால் ஹை பிரஷர். அந்த உயர் அழுத்தக் குழாய்களில் வைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே குமிழ் தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அந்த அப்பாக்கள் ராடுகளைச் சூட்டடுப்பில் காயவைத்து, சூடு ஆறாத பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். ஈரம் உள்ளே போனால் அதிலிருக்கும் ஹைட்ரஜன் பின்னால் விரிசலாக வெளிவரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் வண்டியை அவர்களைப் பார்த்துத்தான் திட்டமிட்டேன். நீளம் இரண்டடி, அகலம் ஒன்றேகால் அடி, உயரம் இரண்டரை அடி. மேல்தட்டில் மெஷின், நடுவில் வயர்களைச் சுற்றிவைக்கக் கொக்கிகள், கீழே மூடி போட்ட தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பு. அந்தச் சூட்டில் ராடுகள் ஐப்பசி மழையிலும் மொறமொறவென்று இருக்கின்றன. ஓட்டை மூலையை கிரைண்டரால் அறுத்தெடுத்து, துருவைத் தேய்த்து, வெள்ளி நிறம் வந்த பிறகுதான் மறுபடி ராடை வைத்தேன். எல்லா மூலைகளுக்கும் முதலில் டாக் என்னும் சிறு பொட்டு மட்டும் போட்டு, கயிறு பிடித்து மூலைவிட்டங்களை அளந்தேன். ஆறும் இரும்பு சுருங்கி ஒரு பக்கமாக இழுக்கும். எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி வைத்தால்தான் சட்டம் கோணாமல் நிற்கும். இதைச் சரியாகப் பிடிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று.

கடைசி மூலையை வைத்து முடித்தபோது மேஸ்திரி வந்து நின்றார். நான் சுத்தியலை எடுத்தேன். “இருங்க சார், தட்டாதீங்க” என்றார். இரும்பு மெல்ல ஆறியது. மேலே இருந்த கசடு சின்னச் சத்தத்தோடு விடுபட்டு, ஒரு முனையில் தானாகவே தூக்கிக்கொண்டது. விரலால் தள்ளியதும் ஒரே பாளமாக வந்தது. அடியில் சீரான அலைகளோடு இரும்பு மின்னியது. “அதுவா கழண்டு வந்தா நல்ல வெல்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையில் வைத்துப் பார்த்தேன். கருங்கண்ணாடிபோல் வழவழப்பான, விரலால் அழுத்தினால் நொறுங்கும் ஒரு துண்டு. அது கடலோர மணலாக இருந்தது. உருகிய இரும்பைச் சில நொடிகள் காற்றிலிருந்து காத்தது. இனி அதற்கு வேலையில்லை. அப்பா புளித் தண்ணீரோடு கொல்லையில் ஊற்றிய கண்ணாடியும் அப்படித்தான். நகை ஊரெல்லாம் போயிற்று. கொதிகலன்கள் நாடெங்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. என் வண்டி கொல்லையில் நேராக நிற்கிறது. அவற்றைக் காத்தது எதுவோ, அது எதிலும் இல்லை.

அந்தத் துண்டை மட்டும் எறியவில்லை. ராடு பெட்டிக்குள், பல்பின் அருகே வைத்திருக்கிறேன்.