ஹாதார்ன் ஆராய்ச்சிகள்

அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த சிசரோவில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு உரிய ஹாதார்ன் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்றதும், சர்வகலாசாலை ஆசிரியரும் தொழில் நிர்வாகியும் ஒருங்கே நின்று தொழிலாளர் பற்றிய விவரங்களைத் திரட்டி ஆராய்வதற்கு முன்மாதிரியாகப் பிரசித்தி பெற்றதுமான பரிசோதனைத் தொடர்.

விளக்கொளியின் அளவுக்கும் உற்பத்திக்கும் உள்ள சம்பந்தத்தை அறியும் முதல் முயற்சி தெளிவான முடிவு எதையும் தரவில்லை. ஆகவே, 1927இல் ரிலே என்னும் மின்கருவியைப் பூட்டும் பெண்கள் ஐவரைத் தனி அறையில் அமர்த்தி, ஓய்வு நேரம், வேலை நேரம், ஊதிய முறை ஆகியவற்றை மாற்றி மாற்றி, அவர்கள் முடித்துப் போடும் ஒவ்வொரு ரிலேயும் காகித நாடாவில் தானே பதிவாகும்படி ஏற்பாடு செய்தனர். 1928 முதல் ஹார்வர்டு ஆசிரியர் எல்டன் மேயோ இதில் ஈடுபட்டார். அதே ஆண்டு தொடங்கி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பேட்டி காணப்பட்டனர். 1931–32இல் ஆண்கள் பதினால்வரைக் கவனித்தபோது, குழுவினர் தமக்குள் வகுத்துக்கொண்ட அளவுக்கு மேல் உழைப்பதில்லை என்பது புலனாயிற்று.

இவற்றின் விரிவான வரலாற்றை ஹார்வர்டைச் சேர்ந்த ரோத்லிஸ்பர்கரும் கம்பெனி அதிகாரியான டிக்சனும் கூட்டாக எழுதி 1939இல் வெளியிட்டனர். மனித உறவே உற்பத்திக்கு மூலகாரணம் என்ற சித்தாந்தம் இதனால் வலுப்பெற்றதாயினும், ஐவரில் இருவர் இடையில் மாற்றப்பட்டதைப் பிற்காலத்தார் குறையாகச் சுட்டினர். பழைய பதிவுகளை 1978இல் புள்ளியியல் முறைப்படி மறுபடி ஆராய்ந்த பிராங்க்கும் கௌலும், நிர்வாகக் கண்டிப்பு, பொருளாதார மந்தம், ஓய்வு ஆகியவையே முக்கிய காரணங்கள் என வாதித்தனர்.